பழைய விருந்து, அலங்காரப் புத்தகங்களைப் பரிசாக வாங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் விருந்து வைப்பது எப்படி, மேசையை அலங்கரிப்பது எப்படி, வரவேற்பறைக்கு என்ன நிறம் என்று சொல்லித் தந்த அமெரிக்க, பிரிட்டிஷ் புத்தகங்கள் இப்போது பரிசுப் பொருளாகத் திரும்பி வந்திருக்கின்றன. பெரும்பாலோர் அட்டையைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். பெற்றுக்கொண்டவர் ஒருநாள் அதிலிருந்து ஏதாவது செய்து பார்க்க உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அதனால் இங்கே பாதிக் கேள்விகள் வாங்குவது பற்றியவை. மீதி, அந்தப் பக்கங்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது பற்றியவை.

இந்த வகையில் என்னென்ன கிடைக்கிறது?

மூன்று வகை. முதலாவது, அந்தக் காலத்திலேயே அச்சான அசல் பிரதி. இரண்டாவது, அசலைப் பக்கத்துக்குப் பக்கம் அப்படியே படமெடுத்து அச்சிட்ட மறுபதிப்பு. மூன்றாவது, பழைய விளம்பரங்கள், பத்திரிகைப் படங்கள், சமையல் குறிப்புத் துண்டுகளைத் திரட்டி, பக்கத்தில் நகைச்சுவையாக ஒரு வரி போட்டு இன்று தயாரிக்கும் தொகுப்பு. கடைகளில் பரிசுப் பிரிவில் அடுக்கியிருப்பது பெரும்பாலும் மூன்றாவது வகை.

பரிசளிப்பதற்காகவே புத்தகம் தயாரிக்கும் வழக்கம் புதியதல்ல. 1822இன் இறுதியில் லண்டனில் பதிப்பாளர் ருடால்ஃப் ஆக்கர்மன் வெளியிட்ட ஆண்டு மலர்தான் ஆங்கிலத்தில் அதற்கு வழி போட்டது. வீட்டு நிர்வாகம் பற்றி இசபெல்லா பீட்டன் எழுதிய பெரும் தொகுப்பு 1861இல் வந்தது. அமெரிக்க உள்அலங்கார நிபுணர் டோரதி டிரேப்பர் விருந்து வைப்பதைப் பற்றி எழுதியது 1941இல். விருந்து, வீட்டு அலங்காரம் பற்றி எழுதிப் புகழ்பெற்ற அமெரிக்கர் மார்த்தா ஸ்டூவர்ட்டின் முதல் புத்தகம் 1982இல். அந்தக் கடைசிப் புத்தகத்தையும் இப்போது பழைய நினைவுப் பட்டியலில் சேர்க்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். பெறுபவரின் சிறுவயது எந்தப் பத்தாண்டோ, அதற்குச் சற்று முந்தைய புத்தகம்தான் அவர் மனதைத் தொடும்.

யாருக்கு எந்த வகை பொருந்தும்?

புரட்டிச் சிரித்துவிட்டு டீப்பாய் மேல் வைக்கப்போகிறவருக்குத் தொகுப்பு போதும். சமைக்கிற, தைக்கிற, கையால் எதையாவது செய்கிற ஆளுக்குத் தொகுப்பைக் கொடுக்காதீர்கள். குறிப்புகள் பாதியில் வெட்டப்பட்டிருக்கும், அளவு இருக்கும், செய்முறை இருக்காது. அவருக்கு முழு மறுபதிப்பு. அசல் பிரதி, காகிதத்தையும் அச்சையும் ரசிப்பவருக்கு மட்டும். அசலை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோவது பாவம் என்று நினைப்பவரிடம் மறுபதிப்பையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டுக்கும் வேலை இருக்கும்.

அசலா, மறுபதிப்பா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதிப்புரிமைப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே அச்சாகியிருக்கும் பழைய ஆண்டை மட்டும் நம்பக் கூடாது; படமெடுத்த மறுபதிப்பில் பழைய ஆண்டும் அப்படியே வந்துவிடும். ஐ.எஸ்.பி.என். (புத்தகங்களுக்குத் தரப்படும் சர்வதேச அடையாள எண்) இருக்கிறதா என்று பாருங்கள். பிரிட்டனில் 9 இலக்க எண் 1967இல் தொடங்கியது. 10 இலக்க எண் சர்வதேசத் தரமானது 1970இல். 13 இலக்கத்துக்கு மாறியது 2007 ஜனவரியில். 1950 என்று போட்டிருக்கும் புத்தகத்தில் ஐ.எஸ்.பி.என். இருந்தால் அது 1950இல் அச்சானதல்ல.

'1 2 3 4 5…' என்று ஒரு எண் வரிசை இருந்தால், அதில் மிச்சமிருக்கும் ஆகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். வரிசை ஏறுமுகமாக இருந்தாலும் இறங்குமுகமாக இருந்தாலும் இதே கணக்குத்தான்.

அடுத்து 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். நான்கு வண்ண அச்சில் புள்ளிகள் சேர்ந்து சிறு பூ வடிவில் ஒழுங்காகத் தெரியும். அச்சான படத்தையே மறுபடி ஸ்கேன் செய்து அச்சிட்டிருந்தால் அந்த ஒழுங்கு குலைந்து, அலையலையாகக் கோடு ஓடும். படத்தில் இருக்கும் மேசைவிரிப்பின் கட்டங்களில் இது வெறும் கண்ணுக்கே தெரியும். எழுத்தின் விளிம்பையும் பாருங்கள். அசலில் கூர்மையாக இருக்கும், சுமாரான மறுபதிப்பில் தடித்துப்போய் ஆங்கில 'e'யின் சுழிபோன்ற இடுக்குகள் அடைந்திருக்கும்.

இன்னொரு ரகம் உண்டு: புத்தகக் குழு (புக் கிளப்) உறுப்பினர்களுக்கென்று மலிவாக அச்சிட்டது. அதே ஆண்டு, அதே அட்டை, ஆனால் காகிதம் மெலிசு, மேலுறையின் உள்மடிப்பில் விலை இருக்காது, பின்னட்டையின் அடி மூலையில் மையில்லாமல் அழுத்திய சிறு வட்டமோ சதுரமோ இருக்கலாம். படிக்க ஒரு குறையும் இல்லை. முதல் பதிப்பு விலைக்கு மட்டும் வாங்காதீர்கள்.

இணையத்தில் வாங்கும்போது விற்பவரிடம் என்ன கேட்க வேண்டும்?

நிலையைக் குறிக்கும் சொற்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பழைய புத்தக வியாபாரத்தில் 'குட்' என்றால் நல்ல நிலை அல்ல. எல்லாப் பக்கமும் இருக்கிறது, ஆனால் நன்றாக உழைத்த பிரதி என்று பொருள். பரிசுக்கு 'வெரி குட்'டுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

பதிப்புரிமைப் பக்கம், முதுகின் இரு முனைகள், புத்தகத்தை நடுவில் விரித்த நிலை, மேலுறையின் உள்மடிப்பு ஆகியவற்றுக்குப் படம் கேளுங்கள். வண்ணப் படப் பக்கங்கள் தனியாகச் செருகப்பட்ட புத்தகமாக இருந்தால் படப் பட்டியலோடு ஒப்பிட்டு எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். சட்டம் போட்டு மாட்டுவதற்காக அவற்றைத்தான் முதலில் கிழித்தெடுப்பார்கள். வளையம் போட்ட கோப்பு வகைச் சமையல் புத்தகங்களில் பிரிவுத் தாள்களின் நீட்டிய நுனிகள் உடைந்திருக்கும். வளையம் இடைவெளி இல்லாமல் மூடுகிறதா என்று கேளுங்கள். மூடாவிட்டால் ஒவ்வொரு முறை புரட்டும்போதும் பக்கத்தின் துளை கிழியும். பிளாஸ்டிக் சீப்பு பைண்டிங் என்றால் இன்னும் கவனம். பழைய பிளாஸ்டிக் முறுகிப்போய், 180 டிகிரி விரித்ததும் பல் பல்லாக உடையும்.

கடைசியாக ஒரே ஒரு கேள்வி: வாடை அடிக்கிறதா? சிகரெட் வாடையும் பூஞ்சை வாடையும் படத்தில் தெரியாது.

எந்தப் பத்தாண்டில் என்ன எதிர்பார்க்கலாம்?

பிரிட்டனில் உணவுப் பங்கீடு 1940 ஜனவரி முதல் 1954 ஜூலை வரை இருந்தது. போர்க்காலக் காகிதக் கட்டுப்பாடும் சேர்ந்ததால் அந்த வருடங்களின் பிரிட்டிஷ் புத்தகங்கள் ஒல்லியாக, நெருக்கமான எழுத்தில், படமே இல்லாமல் இருக்கும். முட்டையில்லாத கேக், வெண்ணெயில்லாத பிஸ்கட் என்று சமாளிப்புக் குறிப்புகள் நிறைய. படிக்கச் சுவை, பார்க்கச் சுமார். கண்ணைப் பறிக்கும் வண்ணப் பக்கங்கள் வேண்டுமானால் 1950, 60களின் அமெரிக்கப் புத்தகங்கள். 70கள் பழுப்பு, ஆரஞ்சு, பாசிப் பச்சை. அந்த நிறங்களை ரசிக்க ஒரு மனசு வேண்டும்.

வாடையை எடுக்க முடியுமா?

ஓரளவு. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் ஒரு கிண்ணம் சமையல் சோடாவோ கிளர்வூட்டிய கரியோ (ஆக்டிவேட்டட் சார்கோல்) வைத்து, அதன் மேல் கம்பித் தட்டு போட்டு, புத்தகத்தை விசிறிபோல் லேசாக விரித்து நிறுத்துங்கள். பொடி புத்தகத்தில் படக் கூடாது. பக்க இடுக்கில் புகுந்த சோடாவைப் பிறகு எடுக்கவே முடியாது. ஒன்றிரண்டு வாரம் மூடி வையுங்கள், நடுவில் ஒருமுறை புதிய சோடா மாற்றுங்கள். வாசனைத் திரவியம் தெளிப்பது, வெயிலில் காயப்போடுவது இரண்டும் வேண்டாம். முன்னது கறையாகும், பின்னது மேலுறையின் சிவப்பை முதலில் வெளுக்க வைக்கும், அட்டையை வளைக்கும்.

பூஞ்சை உயிரோடு இருந்தால், அதாவது தொட்டால் ஈரப் பசையாகத் தடம் விட்டால், அது வேறு கதை. பரிசாகக் கொடுக்காதீர்கள். மற்றப் புத்தகங்களுக்கும் பரவும். பூச்சி இருந்தால் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 முதல் 20 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வர ஒரு நாள் முழுதும் விடுங்கள். அவசரப்பட்டுப் பிரித்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த அட்டை மேல் முத்து முத்தாகப் படியும்.

பச்சைத் துணி அட்டை போட்ட 19ஆம் நூற்றாண்டுப் புத்தகம் ஆபத்தா?

ஆபத்தாக இருக்கலாம். 1840 முதல் 1860கள் வரை பளீரென்ற மரகதப் பச்சைத் துணிக்கு ஆர்சனிக்கும் செம்பும் சேர்ந்த நிறமியைப் பயன்படுத்தினார்கள். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் உள்ள விண்டர்தர் அருங்காட்சியகம் 2019 முதல் இப்படிப்பட்ட அட்டைகளைச் சோதித்துப் பட்டியலிட்டு வருகிறது. நிறமி துணியோடு இறுகப் பிடித்திருக்காது, உரசினால் தூளாக உதிரும். சந்தேகம் இருந்தால் நைட்ரைல் கையுறை போட்டு எடுங்கள், ஜிப் பையில் தனியாக வையுங்கள், சாப்பிடும் மேசையிலோ குழந்தை கை எட்டும் இடத்திலோ வைக்காதீர்கள். சமையலறைக்குப் போகப்போகிற பரிசாக இந்தக் காலத்துப் பச்சை அட்டையைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம்.

வழவழப்பான பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. பிரிக்கலாமா?

உலர்ந்து ஒட்டிவிட்டால் அநேகமாக முடியாது. வண்ணப் படத்துக்கான காகிதத்தில் களிமண் பூச்சு இருக்கிறது. ஈரம் பட்டால் அது பசையாகி, காய்ந்ததும் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளாக்கிவிடும். இழுத்தால் படம் மட்டும் உரிந்து எதிர்ப் பக்கத்தோடு வரும். வாங்கும் முன் மேல் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். கட்டிபோல் கடினமாக ஓர் இடம் தட்டுப்பட்டால் அங்கே ஒட்டல் இருக்கிறது.

புதிதாக நனைந்தால் சில மணி நேரம்தான் கெடு. ஒவ்வொரு பக்கத்துக்கு நடுவிலும் மெழுகுக் காகிதம் செருகுங்கள். அது முடியாத அளவுக்கு நனைந்திருந்தால் பையில் போட்டு உறைய வைத்துவிட்டு, புத்தகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். ஹேர் டிரையர் எடுக்காதீர்கள்.

பழைய சமையல் அளவுகளை எப்படி மாற்றுவது?

முதலில் புத்தகம் எந்த நாட்டினது என்று பாருங்கள். அமெரிக்கக் கப் 237 மி.லி. ஆஸ்திரேலியக் கப் 250 மி.லி. பழைய பிரிட்டிஷ் புத்தகத்தில் அரை பைன்ட் கப் என்றால் 284 மி.லி. பைன்ட்டும் அப்படித்தான்: அமெரிக்காவில் 473, பிரிட்டனில் 568. 'கில்' என்ற அளவு பிரிட்டனில் 142 மி.லி., அமெரிக்காவில் 118. மேசைக்கரண்டி அமெரிக்காவில் 15 மி.லி.க்குச் சற்றுக் குறைவு, ஆஸ்திரேலியாவில் 20. ஜெலட்டின், பேக்கிங் பவுடர் போன்றவற்றில் இந்த 5 மி.லி. வித்தியாசம் பலகாரத்தையே மாற்றிவிடும்.

அடுப்புச் சூட்டை எண்ணில் சொல்லாமல் 'மெதுவான அடுப்பு', 'மிதமான அடுப்பு' என்றிருந்தால் முறையே 150, 180 டிகிரி செல்சியஸ் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'சூடான அடுப்பு' 200 முதல் 220. பிரிட்டிஷ் கேஸ் அடுப்பின் திருகில் இருக்கும் சூட்டு எண்ணான 'கேஸ் மார்க்' 4 என்பது 180. விசிறி உள்ள அவனில் 20 டிகிரி குறையுங்கள்.

மாவில்தான் அதிகம் தவறுகிறது. பழைய அமெரிக்கக் குறிப்புகள் மாவைச் சலித்த பிறகு கப்பில் அளக்கச் சொல்கின்றன. அப்படி அளந்தால் ஒரு கப் சுமார் 115 கிராம். இன்று பலர் டப்பாவுக்குள் கப்பை விட்டு அள்ளுகிறார்கள், அது 140 கிராம் வரை போகும். மூன்று கப் மாவு கேட்கும் கேக்கில் 75 கிராம் கூடுதல். மேலே வெடித்து, உள்ளே கட்டியாக, தொண்டையில் அடைக்கும் கேக் வந்தால் பழைய புத்தகத்தின் மேல் பழி போடும் முன் தராசை எடுங்கள்.

டின் எண்கள் இன்னொரு புதிர். அமெரிக்கக் குறிப்பில் '303 டின்' என்றால் சுமார் 2 கப். '2ஆம் எண் டின்' சுமார் இரண்டரை கப், 'இரண்டரை எண் டின்' சுமார் மூன்றரை கப். வெண்ணெய் 'ஒரு ஸ்டிக்' 113 கிராம். கேக் மிக்ஸ் பாக்கெட்டை அடிப்படையாக வைத்த குறிப்புகள் இன்று அப்படியே வராது, 18.25 அவுன்ஸ் இருந்த பாக்கெட்டுகள் பலவும் 15.25 அவுன்ஸுக்கோ அதற்கும் கீழாகவோ சுருங்கிவிட்டன. 15.25 அவுன்ஸ் பாக்கெட்டோடு சுமார் 85 கிராம் கேக் மிக்ஸ் கூட்டினால் பழைய கணக்கு நேராகும்.

அந்தக் கோபுர ஜெல்லி எனக்கு மட்டும் ஏன் நிற்கமாட்டேன் என்கிறது?

இந்தப் புத்தகங்களின் அட்டைப்பட நாயகனே அதுதான், பரிசு பெற்றவர் முதலில் செய்து பார்ப்பதும் அதைத்தான். விழுவதற்குக் காரணங்கள் சில.

சுவையில்லாத ஜெலட்டின் ஓர் உறை சுமார் 7 கிராம். அது 475 மி.லி. திரவத்தைக் கட்டும், ஆனால் கிண்ணத்தில் வைத்துச் சாப்பிடும் பதத்துக்கு. அச்சிலிருந்து கவிழ்த்து நிற்க வைப்பதற்கும், காய் பழத் துண்டு சேர்ப்பதற்கும் திரவத்தை 415 மி.லி.யாகக் குறையுங்கள். எலுமிச்சைச் சாறு, வினிகர் அதிகம் சேர்ந்தால் இன்னும் தளரும்.

ஜெலட்டினை நேராகச் சுடுநீரில் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் கரைந்து நடுவில் முடிச்சு நிற்கும். 60 மி.லி. குளிர்ந்த நீரில் தூவி ஐந்து நிமிடம் ஊற விடுங்கள், பிறகு சூடான திரவம் சேர்த்துக் கலக்குங்கள். கரண்டியின் பின்புறத்தில் மணல் மணலாக எதுவும் தெரியாத வரை கலக்க வேண்டும். கொதிக்க விடாதீர்கள், கட்டும் சக்தி குறையும்.

சூடுபடுத்தாத அன்னாசி, பப்பாளி, கிவி, அத்தி, இஞ்சி ஆகியவற்றில் உள்ள நொதிகள் ஜெலட்டினைச் செரித்துவிடும். எத்தனை மணி நேரம் குளிரில் வைத்தாலும் தண்ணீராகவே இருக்கும். டின்னில் அடைத்த அன்னாசி சூடுபடுத்தப்பட்டதால் பிரச்சினை இல்லை. பழைய புத்தகங்கள் பலவற்றில் 'அன்னாசி' என்று மட்டும் போட்டிருக்கும். படிக்கிறவர் வீட்டில் டின்தான் இருக்கும் என்ற அனுமானம்.

பழத்தைத் திரவமாக இருக்கும்போதே போட்டால் சில மிதக்கும், சில மூழ்கும். குளிரில் வைத்து, அடிக்காத முட்டை வெள்ளைக் கருவின் பதம் வரும்வரை காத்திருந்து பிறகு சேருங்கள். அடுக்கடுக்காகச் செய்வதானால், கீழ் அடுக்கு விரலில் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே, நன்றாக ஆறிய அடுத்த அடுக்கை ஊற்ற வேண்டும். கீழது முழுதாக இறுகிவிட்டால் இரண்டும் ஒட்டாது. கவிழ்த்ததும் மேல் மாடி வழுக்கி மேசைக்குப் போகும்.

இரவு முழுதும் குளிரில் வையுங்கள். கவிழ்க்கும் முன் அச்சின் விளிம்பைச் சுற்றி ஈர விரலால் ஜெல்லியை லேசாக உள்பக்கம் அழுத்தி விடுங்கள், காற்றுப் புகட்டும். வெதுவெதுப்பான நீரில், சூடான நீரில் அல்ல, விளிம்பு வரை 10 விநாடி இறக்குங்கள். தட்டைக் குளிர்ந்த நீரில் நனைத்து, துடைக்காமல், அச்சின் மேல் மூடித் திருப்புங்கள். தட்டு ஈரமாக இருந்தால், கோணலாக விழுந்தாலும் ஜெல்லியை நடுவுக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

சைவர்களுக்கு அகர் அகர் போடலாம். அரை லிட்டருக்குச் சுமார் 4 கிராம் பொடி, இரண்டு மூன்று நிமிடம் கட்டாயம் கொதிக்க வேண்டும். 40 டிகிரிக்கு இறங்கும்போதே இறுகத் தொடங்குவதால், அடித்த கிரீமைப் பொறுமையாகக் கலக்கும் குறிப்புகளுக்கு அது ஒத்துவராது. தெளிவான பழ ஜெல்லிக்கு மட்டும் சரி.

பிரிட்டிஷ் புத்தகத்தில் 'ஒரு பாக்கெட் ஜெல்லி' என்றால் ஒரு பைன்ட், அதாவது 568 மி.லி. கட்டும் கட்டி; அமெரிக்கப் பாக்கெட் 85 கிராம், 2 கப். ஒன்றுக்கு மற்றொன்றைப் போடாதீர்கள்.

புத்தகத்தில் இருந்தாலும் செய்யக் கூடாதவை எவை?

பாட்டிலில் அடைத்துப் பதப்படுத்தும் பக்கங்களை முழுதாகத் தாண்டிவிடுங்கள். சூடாக ஊற்றி மூடினால் போதும், அவனில் வைத்தால் போதும், ஜாம் மேல் மெழுகு ஊற்றினால் போதும் என்றெல்லாம் இருக்கும். பீன்ஸ், இறைச்சி, சோளம் போன்ற புளிப்பில்லாத உணவில் பாட்டுலிசம் நச்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் 100 டிகிரி கொதிநீரில் சாகாது. அழுத்தத்தில் 116 டிகிரிக்கு மேல் போக வேண்டும், நேரமும் சோதித்துக் கணக்கிட்டதாக இருக்க வேண்டும். இதில் ரசனைக்கு இடமில்லை.

மூஸ், எக்நாக், மயோனைஸ் ஆகியவற்றில் பச்சை முட்டை வரும். பாஸ்ச்சரைஸ் செய்த முட்டையை வாங்குங்கள், அல்லது பாலோடு கலந்து மெதுவாகக் கிளறிக்கொண்டே 71 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். முந்தைய இரவே வான்கோழிக்குள் மசாலாப் பூரணம் அடைத்து வைக்கச் சொல்வதும் வேண்டாம். மாலை முழுதும் பஃபே மேசையில் உணவு திறந்திருக்கும் படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். 4 முதல் 60 டிகிரிக்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது.

அலங்காரப் பக்கங்களிலும் வில்லங்கம் உண்டு. கறை நீக்கக் கார்பன் டெட்ராகுளோரைடு என்று இருக்கும். ஈரலைக் கெடுக்கும் நச்சு, அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்கு 1970இல் தடையானது. சூடான பாத்திரத்துக்கு அடியில் வைக்க ஆஸ்பெஸ்டாஸ் விரிப்பு, கிறிஸ்துமஸ் மரத்தில் தூவ ஆஸ்பெஸ்டாஸ் செயற்கைப் பனி (1930, 40களில் பெட்டியில் விற்றார்கள்), மேசை நாற்காலிக்கு ஈயம் கலந்த பெயின்ட் (அமெரிக்க வீடுகளில் 1978 வரை). குறிப்பைப் படித்து ரசிப்பதில் ஆபத்தில்லை. புத்தகத்தோடு பொருத்தமாக இருக்கட்டும் என்று பழைய அலங்காரப் பெட்டியையும் வாங்கிச் சேர்த்துக் கொடுப்பவர்கள்தான் கவனிக்க வேண்டும்.

கேக் மேல் நிஜப் பூ வைத்த படங்களில் லில்லி ஆஃப் தி வேலி, ஃபாக்ஸ்குளோவ், டாஃபடில் தெரிந்தால் அவை மூன்றும் விஷம். அரளியும்தான்.

அப்படியானால் இன்றும் உபயோகமான பக்கம் எது?

மேசை, திரை, விளக்கு பற்றிய அளவுகள். மனித உடலின் அளவு மாறாததால் இவையும் பழசாகவில்லை. ஒரு விருந்தாளிக்கு மேசை ஓரத்தில் 60 செ.மீ. அகலம். கை வைத்த நாற்காலி என்றால் 70. தட்டும் கரண்டிகளும் மேசை விளிம்பிலிருந்து 2.5 செ.மீ. உள்ளே. மேசைவிரிப்பு 20 முதல் 30 செ.மீ. தொங்கலாம், அதற்கு மேல் தொங்கினால் மடியில் சுருளும். நடுவில் வைக்கும் பூ 30 செ.மீ.க்குள் இருந்தால்தான் எதிரில் இருப்பவர் முகம் தெரியும். மேசைக்கு மேல் தொங்கும் விளக்கின் அடிப்பாகம் மேசையிலிருந்து 75 முதல் 90 செ.மீ. திரைத் துணி, கம்பியின் நீளத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு. ஒன்றரை மடங்கில் தைத்தால் இழுத்து மூடும்போது படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டதுபோல் இருக்கும். சுவர்ப் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ.

பஃபே வரிசையும் பழைய புத்தகங்கள் சொல்வதே சரி: தட்டு முதலில், கரண்டியும் நாப்கினும் கடைசியில். முதலிலேயே கொடுத்துவிட்டால் பரிமாறிக்கொள்ளக் கை இருக்காது.

நிறத்தை மட்டும் படத்திலிருந்து எடுக்காதீர்கள். 1950களின் வண்ணப் படங்கள் பிறகு கையால் திருத்தப்பட்டு, கனமான மையில் அச்சானவை. அந்தப் பக்கத்தைப் பெயின்ட் கடைக்குக் கொண்டுபோய் அதே பச்சையைக் கலக்கச் சொன்னால் சுவர் முழுக்க அடித்ததும் கண் கூசும். படத்துக்காகக் கேமரா பக்கத்து நாற்காலிகளை எடுத்துவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆறு பேர் மேசையாகத் தெரிவதில் நான்கு நாற்காலிதான் இருக்கும்.

ஒரு பக்கத்தைப் பிரதியெடுத்து அழைப்பிதழ் அச்சிடலாமா?

வீட்டு உபயோகத்தை யாரும் தேடி வரமாட்டார்கள். விற்பதானால் சட்டம் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வெளியாகி 95 ஆண்டு முடிந்தவை பொதுவுடைமை. 1963 வரை வெளியானவற்றில் 28ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பிக்காதவையும் அப்படியே. பிரிட்டனில் கணக்கு வேறு, ஆசிரியர் இறந்து 70 ஆண்டு. அட்டை ஓவியருக்கும் நிழற்படக்காரருக்கும் தனித்தனி உரிமை இருக்கலாம். அசலைக் கிழிக்காமல் ஸ்கேன் எடுங்கள், அதுவும் 90 டிகிரிக்கு மேல் விரிக்காமல்.

எப்படிப் பொதிந்து கொடுப்பது?

மேலுறை இருந்தால் அதற்கு பாலியெஸ்டர் ஃபிலிம் உறை போடுங்கள். பி.வி.சி. வேண்டாம், அது நாள்பட மேலுறையின் மையோடு ஒட்டிக்கொள்ளும். கிழிந்த இடத்தில் சாதாரண செல்லோ டேப் ஒட்டாதீர்கள். சில ஆண்டில் டேப் உதிர்ந்துவிடும், மஞ்சள் கறை மட்டும் நிரந்தரம். பழைய விலை பென்சிலில் எழுதியிருந்தால் வெள்ளை வினைல் அழிப்பானால் ஒரே திசையில் தேய்க்கலாம்.

அமிலமில்லாத டிஷ்யூ காகிதம் ஒரு சுற்று, அதன் மேல் பரிசுத்தாள். ரிப்பனை இறுக்கிக் கட்டினால் மேலுறையின் விளிம்பில் வெட்டு விழும். தபாலில் போவதானால் குமிழித்தாள் டிஷ்யூவுக்கு மேலே, பெட்டியில் எல்லாப் பக்கமும் 5 செ.மீ. திணிப்பு. மூலை அடிபடுவதுதான் வழக்கமான சேதம், எனவே நான்கு மூலைக்கும் மடித்த அட்டைத் துண்டு செருகுங்கள்.

சமைக்கிறவருக்குக் கொடுத்தால் மேலே சொன்ன கப், பைன்ட், அடுப்புச் சூடு மாற்றங்களை ஓர் அஞ்சலட்டை அளவுத் தாளில் எழுதி முன்னட்டைக்குள் வையுங்கள். புத்தகத்தைவிட அதைத்தான் அதிகம் எடுத்துப் பார்ப்பார்.

உள்ளே பெயர் எழுதிக் கொடுக்கலாமா?

மறுபதிப்பில் தாராளமாக எழுதலாம். அசலில் 2பி பென்சிலால், முன்பக்க வெற்றுத் தாளின் மேல் மூலையில், அடியில் ஓர் அட்டையைச் செருகிக்கொண்டு எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா அடுத்த பக்கம் வரை தடம் பதிக்கும். ஜெல் பேனா மை, பழைய காகிதத்தில் முடிமுடியாகப் பரவும். வாழ்த்து நீளமென்றால் தனி அட்டையில் எழுதிச் செருகுங்கள், இரும்பு கிளிப்போ ஒட்டுச் சீட்டோ போடாமல். கிளிப் துருப்பிடிக்கும், ஒட்டுச் சீட்டை எடுத்த பிறகும் அதன் பசை பக்கத்திலேயே தங்கித் தூசியைப் பிடிக்கும்.